மூன்று இன மரத்தவளைகள் ஒரே தொட்டியில்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலம் ஒன்றில், ஒரு தம்பதியர் வீட்டில் நடந்தது இது. இருவரும் தவளை வளர்ப்புக்குப் புதியவர்கள் அல்லர். ஒரு பெண், இரண்டு ஆண் என மூன்று செங்கண் மரத்தவளைகளை ஒன்றரை ஆண்டாக நல்ல நிலையில் வைத்திருந்தார்கள். மூன்றும் வளர்ப்பில் பிறந்தவை, ஒரே வளர்ப்பாளரிடம் வாங்கியவை. பராமரிப்பு முழுவதையும் மனைவி பார்த்துக்கொண்டார். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் 0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதிவைப்பது அவர் பழக்கம். டிசம்பர் மாதக் குறிப்பில் பெண் 11.8 கிராம், ஆண்கள் 6.4, 6.1 கிராம்.

தொட்டி 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 90 செ.மீ. உயரம். அடியில் களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, அதற்கும் மேல் எட்டு செ.மீ. அளவுக்குத் தென்னைநார்த் தூளும் இலைச்சருகும். மணி பிளாண்ட், புரோமிலியாட் செடிகள், சாய்த்துவைத்த கார்க் பட்டைகள். தானியங்கித் தெளிப்பான் நாளைக்கு மூன்று முறை நீர் தெளிக்கும். மூன்று தவளைகளுக்கு இது தாராளம். அதனால்தான் இடம் காலியாக இருப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றியது.

ஜனவரி நடுவில் ஊர்வனக் கண்காட்சி ஒன்றில் ஒயிட்ஸ் மரத்தவளைக் குஞ்சுகள் இரண்டை வாங்கினார்கள். உடல் நீளம் ஏறத்தாழ 4.5 செ.மீ., எடை தலா எட்டு, ஒன்பது கிராம். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு கடையிலிருந்து அமெரிக்கப் பச்சை மரத்தவளைகள் இரண்டு வந்தன. அவை அருகிலிருந்த சதுப்பு நிலத்தில் பிடிக்கப்பட்டவை என்பது பின்னர் விசாரித்தபோதுதான் தெரிந்தது. புதிதாக வந்த நான்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் ஐந்து நாள் இருந்தன, நன்றாக இரை தின்றன. அதையே போதுமான தனிமைக்காலமாகக் கொண்டு பெரிய தொட்டியில் விட்டார்கள். ஆக மொத்தம் ஏழு.

ஏழும் பச்சை, ஏழும் மரமேறிகள், அன்றைய தேதியில் ஏறத்தாழ ஒரே அளவு. கண்காட்சியில் விற்றவரும் "சேர்த்து வைக்கலாம்" என்றிருந்தார். முடிவுக்கு அவர்கள் சொன்ன காரணங்கள் இவ்வளவே.

மூன்று இனங்கள், மூன்று தட்பவெப்பம்

செங்கண் மரத்தவளை, அறிவியல் பெயரில் அகலிக்னிஸ் காலிட்ரியாஸ், தெற்கு மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரையுள்ள ஈரக்காடுகளைச் சேர்ந்தது. பகலில் இலையின் அடியில் கால்களை உடலோடு ஒடுக்கி, கண்ணை மூடி, பச்சை மட்டும் தெரியும்படி தூங்கும். பகலில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ், இரவில் 20 டிகிரி வரை இறக்கம், 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். இந்த வரம்புக்குள் இருந்தால் தொல்லை தராது. நன்கு இருட்டிய பிறகே அசையும். அசைந்தாலும் நிதானமாகக் கிளையில் நடந்து இரையைத் தேடும்.

ஒயிட்ஸ் மரத்தவளை ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளையும் நியூகினியின் தெற்கையும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற முதல் குடியேற்றக் கப்பல்களின் மருத்துவர் ஜான் ஒயிட் 1790-இல் விவரித்ததால் இந்தப் பெயர். வறண்ட பருவத்தையும் தாங்கும் தோல். பகலில் 29 டிகிரி வரை சூடான ஓர் இடத்தைத் தேடிப்போய் உட்காரும். 40 முதல் 60 சதவீத ஈரப்பதமே அதற்குப் போதும். எந்நேரமும் ஈரம் சொட்டும் தொட்டியில் தோல் தொற்றுக்கு ஆளாகும். முழு வளர்ச்சியில் பத்து செ.மீ. தொடும். அசைவது எதுவாக இருந்தாலும், வாய்க்குள் போகுமென்றால் விழுங்கிவிடும்.

அமெரிக்கப் பச்சை மரத்தவளை அந்தத் தம்பதியர் வாழும் பகுதிக்கே உரியது. நீளம் மூன்று முதல் ஆறு செ.மீ., ஒல்லியான உடல். அறையின் வெப்பமே அதற்கு ஒத்துப்போகும். கடைகளில் விற்பவை பெரும்பாலும் வெளியில் பிடித்தவை என்பதுதான் இங்கே முக்கியம். வெளியில் பிடித்த தவளைக்குக் குடலிலோ நுரையீரலிலோ புழு இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒயிட்ஸ் குஞ்சுகளுக்காகத் தொட்டியின் மேல்மூலையில் 40 வாட் ஹாலஜன் விளக்கு பொருத்தப்பட்டது. ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். யாரையும் புறக்கணிக்கக் கூடாது என்று தேர்ந்தெடுத்த நடு எண் அது. ஒயிட்ஸுக்கு அது தாங்கும் எல்லையின் விளிம்பு, செங்கண்ணுக்குப் போதாத அளவு. மூன்று இனத்துக்கும் பொதுவான ஒரு வரம்பைத் தேடும்போது பெரும்பாலும் நேர்வது இதுதான்: எந்த இனத்துக்கும் உடனே ஆபத்து இல்லாத, எந்த இனத்துக்கும் முழுதாகப் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும்.

முதல் நான்கு மாதங்கள்

பிப்ரவரி முதல் மே வரை எழுதப்பட்ட குறிப்புகளில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. தவளைகள் ஒன்றையொன்று தாக்கவில்லை. இரை தீர்ந்துவிடும். மாலை எட்டு மணிக்கு விளக்கு அணையும் நேரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், கால்சியம் தூள் தூவிய முப்பது சுவர்க்கோழிகளை மொத்தமாக உள்ளே விடுவார்கள். காலையில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

ஆனால் இந்த நான்கு மாதங்களில் நோட்டில் எடைக் குறிப்பே இல்லை. மூன்று தவளைகளைப் பிடித்து நிறுப்பது பத்து நிமிட வேலை. அடர்ந்த செடிகளுக்கு நடுவே ஏழைத் தேடிப் பிடிப்பது அப்படியல்ல. அவற்றையும் மிரட்டும், செடியையும் கலைக்கும் என்று நிறுத்திவிட்டார்கள். எச்சமும் அப்படியே. முன்பு செங்கண்களின் எச்சத்தைப் பார்த்தே அளவு, நிறம், கெட்டித்தன்மை என்று கவனித்தவர், இப்போது தரையில் கிடப்பது யாருடையது என்று தெரியாமல் துடைத்து எறிந்தார். இந்த நிகழ்வில் நேர்ந்த இழப்பு முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. தவளை நோயை வெளியே காட்டாத உயிரினம். நோய் கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு வரும்போது சிகிச்சைக்கான காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். எடையும் எச்சமும்தான் முன்கூட்டியே சொல்லக்கூடிய இரண்டு அடையாளங்கள். பல இனங்களை ஒன்றாக விட்டதும் அந்த இரண்டுமே கைநழுவின.

ஜூன்: கவனத்துக்கு வந்தவை

ஜூன் முதல் வாரத்தில் மூன்று மாற்றங்கள் குறிப்பில் இடம்பெற்றன. செங்கண்கள் மேல் இலைகளை விட்டுவிட்டு, தொட்டியின் கீழ் இடது மூலையில், தண்ணீர்க் கிண்ணத்துக்கு அருகே பகலைக் கழித்தன. வெளிர்பச்சையாக இருந்த நிறம் பகலிலும் மங்கிக் கருத்தது. ஆண்களில் ஒன்று பகல் முழுவதும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தது. இந்த இனத்தில், யாரும் தொந்தரவு செய்யாத பகல்பொழுதில் கண் திறந்திருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் 10 அன்று ஏழையும் நிறுத்தார்கள். செங்கண் பெண் 9.6 கிராம், ஆண்கள் 5.0, 5.7 கிராம். பச்சைத் தவளைகள் 4.6, 4.1. ஒயிட்ஸ் இரண்டும் 31, 26. அவற்றின் நீளம் ஏழு செ.மீ. ஆகியிருந்தது. பெரியதற்குக் காதுச்சவ்வின் மேலுள்ள தோல்மடிப்பு தடித்துத் தொங்கத் தொடங்கியிருந்தது. ஒயிட்ஸில் அதிக இரையின் முதல் அடையாளம் அதுதான்.

முட்டை சுமக்கும்போதும் இட்ட பிறகும் பெண் தவளையின் எடை வெகுவாக மாறும். ஆகவே பெண் இழந்த 2.2 கிராமைத் தனியாக எடுத்துக்கொண்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆணுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. 6.4 இருந்தது 5.0 ஆனதென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பத்து சதவீத இழப்பிலேயே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். இடையில் எடை எடுக்காததால் அந்தப் பத்து சதவீதம் எப்போது கடந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

இரவுக் காமிரா காட்டியது

கணவர் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் வீட்டுக் காவல் காமிரா ஒன்றைத் தொட்டிக்கு எதிரே வைத்து ஐந்து இரவுகள் பதிவு செய்தார். இரை போகும் வழி அதில் தெளிவாகத் தெரிந்தது. சுவர்க்கோழிகள் விழுந்த சத்தத்திலேயே ஒயிட்ஸ் இரண்டும் தரைக்கு இறங்கிவிடுகின்றன. முதல் இருபது நிமிடத்தில் பெரும்பகுதி அவற்றின் வாய்க்குப் போகிறது. அடுத்து பச்சைத் தவளைகள். செங்கண்கள் இருட்டி ஒரு மணி நேரம் கழித்துக் கால் நீட்டி எழும்போது மிச்சமிருப்பவை மண்ணுக்குள் ஒளிந்துகொண்டவை மட்டுமே. ஓர் இரவில் செங்கண் பெண் ஒரு பூச்சியை நெருங்கிக்கொண்டிருக்கும்போதே ஒயிட்ஸ் அதன்மேல் தாவி விழுந்து இரையைக் கவ்விக்கொண்டது. பெண் பின்வாங்கி, அந்த இரவு முழுவதும் கண்ணாடியைவிட்டு இறங்கவில்லை.

சண்டை என்று சொல்லத்தக்க எதுவும் ஐந்து இரவிலும் நடக்கவில்லை. மரத்தவளைகளிடையே போட்டி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: காயமோ துரத்தலோ இல்லாமல், வேகமானது தின்றுவிடும், மெதுவானது விட்டுக்கொடுக்கும். இரண்டு முறை ஆண் பச்சைத் தவளை செங்கண் ஆணின் முதுகைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்ததும் பதிவாகியிருந்தது. இனம் மாறிய இத்தகைய பற்றல் கலப்புத் தொட்டிகளில் சாதாரணம். பற்றப்பட்ட தவளைக்கு அந்த இரவின் இரை போய்விடும்.

காமிராவைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு: பிரிக்காமல், இரை கொடுக்கும் முறையை மட்டும் மாற்றுவது. ஒயிட்ஸுக்கு எட்டு மணிக்கு இடுக்கியால் தனியாக ஊட்டினார்கள். செங்கண்களுக்குப் பத்து மணிக்கு, அவை இருக்கும் கிளையருகே கண்ணாடிக் கோப்பையில் இரை வைத்தார்கள். அப்போது இரண்டாவது தொட்டி கைவசம் இல்லை, வாங்க ஒரு மாதமாகும் என்பது காரணம். மூன்று வாரத்தில் பெண்ணின் எடை 10.1 ஆனது, இளைத்த ஆண் 5.0-இலேயே நின்றது. இரை கிடைத்தும் ஏறாத எடைக்கு வேறொரு காரணம் தேட வேண்டும். அந்தத் தேடல் தொடங்குவதற்குள் அடுத்தது நடந்துவிட்டது.

ஜூலை: ஒரு தவளை காணவில்லை

ஜூலை இரண்டாம் வாரத்தில், சிறிய பச்சைத் தவளை காலை எண்ணிக்கையில் இல்லை. மூடி பூட்டியபடி இருந்தது, வலையில் கிழிசல் இல்லை. அதே நாள் பெரிய ஒயிட்ஸின் வயிறு ஒருபக்கமாகப் புடைத்திருந்தது, தொட்டாலும் அசையாமல் கிடந்தது. மறுநாள் ஊர்வன, இருவாழ்விகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில், ஒயிட்ஸின் இரைப்பைக்குள் மடங்கிய நிலையில் ஒரு சிறிய தவளையின் பின்னங்கால் எலும்புகள் தெரிந்தன. அறுவை தேவையில்லை, செரித்துவிடும் என்றார் மருத்துவர். நான்கு நாளில் அது பழைய நிலைக்கு வந்தது.

சேர்த்த அன்று இரண்டும் ஒரே நீளம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஐந்து மாதத்தில் ஒன்று ஏழு செ.மீ.க்கு வளர்ந்தது; மற்றது வளர்ந்து முடிந்த தவளை, அப்படியே இருந்தது. குஞ்சுகளை வாங்கும்போது அவற்றின் இன்றைய அளவு ஒரு தகவலே அல்ல. அந்த இனத்தின் முழு வளர்ச்சி அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு தவளை தன் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள இன்னொரு தவளையையும் விழுங்கக்கூடியது. ஒரே இனத்துக்குள்ளும் இது நடக்கும்.

விழுங்கிய தவளைக்கும் இதில் ஆபத்து உண்டு. மரத்தவளைகளின் தோலில் சுரக்கும் பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துணுக்குகள், இனத்துக்கு இனம் வேறு; சில நச்சுத்தன்மை உடையவை. இந்த முறை தப்பியது. வேறு இனமாக இருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. அமேசான் பால் தவளையின் வெள்ளைப் பிசின், கியூபா மரத்தவளையின் சளி, சாம்பல் மரத்தவளையின் சுரப்பு மூன்றும் மனிதரின் கண்ணில் பட்டாலே எரியும். ஒரே பையில் அடைத்துக் கொண்டுவரும்போதோ ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறும்போதோ, மிரண்ட தவளை ஒன்றின் சுரப்பு பக்கத்திலுள்ள வேற்றினத்தை முடக்கிவிடக்கூடும். தொட்டி பெரிதாக இருந்தாலும் எல்லாமே உட்கார்ந்து ஊறும் கிண்ணம் சிறியதுதான்.

பிரித்தல்

எக்ஸ்ரே எடுத்த அன்று மாலையே மிஞ்சிய ஆறையும் பிரித்தார்கள். மூடியில் காற்றுத் துளையிட்ட ஆறு லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறு. அடியில் மண் கிடையாது. சாயமும் மணமும் இல்லாத காகித டவலை நனைத்துப் பிழிந்து விரித்தார்கள். ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் இலைக்கொத்து, ஒரு சிறு நீர்க் கிண்ணம். குளோரின் நீக்கிய நீர் மட்டும். அவர்கள் ஊரில் குழாய் நீருக்குக் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது ஒருநாள் திறந்துவைத்தால் ஆவியாகிப் போகாது என்பதால் சோடியம் தயோசல்பேட் கலந்த நீக்கியைப் பயன்படுத்தினார்கள்.

காகிதம் தினமும் மாற்றப்பட்டது. மருத்துவர் இதை வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. அடுத்த பகுதியில் வருகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் புதிய கையுறை, பவுடர் இல்லாத நைட்ரைல், போட்ட பின் குளோரின் நீக்கிய நீரில் நனைத்தது. உலர்ந்த கையுறை தவளையின் சளிப்படலத்தை உரித்துவிடும். பெட்டிகளில் எண் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி இடுக்கி.

மூன்றாம் நாளிலேயே ஆறு பெட்டிகளிலிருந்தும் யாருடையது என்று தெரிந்த எச்சம் கிடைத்தது. ஐந்து மாதத்தில் கிடைக்காத தகவல் அது.

பரிசோதனை முடிவுகள்

எச்சத்தை அன்றே, குளிர்ச்சியில் வைத்து, மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். பச்சைத் தவளையின் எச்சத்திலும், இளைத்த செங்கண் ஆணின் எச்சத்திலும் ராப்டியாஸ் என்ற நுரையீரல் புழுவின் இளம்புழுக்கள் நெளிந்தன. மற்ற நான்கிலும் அந்த முறை எதுவும் தெரியவில்லை. வெளியில் பிடித்த தவளையிடமிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்வதே நியாயம். செங்கண்கள் மூன்றும் வாங்கிய காலத்தில் மூன்று முறை எச்சப் பரிசோதனையில் சுத்தமாக வந்தவை.

இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுற்றைத் தெரிந்துகொண்டால் தொட்டி ஏன் இதற்கு இவ்வளவு வசதி என்பது விளங்கும். முதிர்ந்த புழு தவளையின் நுரையீரலில் இருக்கும். அதன் முட்டைகள் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடல் வழியே இளம்புழுக்களாக எச்சத்தில் வெளியேறும். ஈரமண்ணில் சில நாளில் அவை தொற்றும் நிலையை அடைந்து, அவ்வழியே வரும் தவளையின் தோலைத் துளைத்து உள்ளே போய் மறுபடி நுரையீரல் சேரும். இடைத்தாங்கி உயிர் எதுவும் தேவையில்லை. சதுப்பு நிலத்தில் எச்சம் விழுந்த இடத்துக்கு அதே தவளை மறுபடி வருவது அரிது. 60 செ.மீ. அகலத் தொட்டியில் அது ஒவ்வோர் இரவும் நடக்கும். வெப்பத்துக்கு அஞ்சித் தரைக்கு வந்து பகலைக் கழித்த செங்கண்கள், புழு அடர்ந்திருந்த ஈர மூலையிலேயே உட்கார்ந்திருந்தன. மேலே பொருத்திய விளக்கும் கீழே பரவிய புழுவும் இப்படித்தான் ஒன்றுசேர்ந்தன. தினமும் காகிதம் மாற்றச் சொன்னதும் இதனால்தான்: இளம்புழு தொற்றும் நிலைக்கு வருமுன் அது குப்பைக்குப் போய்விடும்.

கைட்ரிட் பூஞ்சைக்கும் சோதித்தார்கள். 1990களின் இறுதியில் கண்டறியப்பட்டு 1999-இல் பெயரிடப்பட்ட இந்தப் பூஞ்சை, இருவாழ்வி இனங்கள் பலவற்றை உலகெங்கும் அழித்த ஒன்று. ஒயிட்ஸ் மரத்தவளைக்கு அது எளிதில் உயிர்க்கொல்லி. வெளித்தோற்றத்தில் நலமாக இருக்கும் தவளையும் அதைச் சுமக்கும். பஞ்சுக்குச்சியால் வயிற்றின் அடிப்பகுதியில் பத்து முறை, இரு தொடைகளின் உட்புறம், பின்னங்கால் விரல்களுக்கிடையே தலா ஐந்து முறை மென்மையாகத் தேய்த்து, ஆறின் மாதிரியும் தனித்தனிக் குழாயில், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குப் போயின. ஆறும் தொற்றில்லை என்று வந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்த இரண்டாம் சுற்றும் அப்படியே. குறைந்த அளவில் உள்ள பூஞ்சை ஒரு முறை தேய்ப்பில் தவறிவிடலாம் என்பதால் இரண்டாவது சுற்று வேண்டியிருந்தது.

சிகிச்சையும் தொட்டிச் சுத்திகரிப்பும்

ஆறுக்கும் ஃபென்பெண்டசோல் என்ற புழுநீக்க மருந்து வாய்வழி கொடுக்கப்பட்டது, இரண்டு வாரம் கழித்து மறுபடி. ஐந்து கிராம் உயிருக்கான மருந்து ஒரு துளியிலும் சிறு பங்கு. மருத்துவமனையே நீர்த்து, ஒவ்வொரு பெட்டி எண்ணுக்கும் தனிச் சிரிஞ்சில் அளந்து தந்தது. வீட்டில் நாய்க்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலந்து கொடுக்கும் பழக்கத்தை மருத்துவர் கடுமையாகத் தடுத்தார். அந்த அளவில் சிறு பிழையும் பல மடங்கு மருந்தாகிவிடும்.

பெரிய தொட்டியில் எதைக் காப்பாற்றுவது என்பதில் தம்பதியருக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டு ஆண்டு வளர்ந்த செடிகளை எறிய மனைவிக்கு மனமில்லை. செடியைக் கழுவி வைக்கலாம், மண்ணை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தார். வேர்களில் ஒட்டிய மண்ணும், புரோமிலியாட் இலைக் கக்கத்தில் தேங்கும் நீரும் புழு தங்கும் இடங்கள். அவற்றை உறுதியாகச் சுத்தப்படுத்த வழியில்லை. வீட்டு ப்ளீச் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உதவும், புழுமுட்டை விஷயத்தில் அதை நம்பக் கூடாது. ஆகவே மண், சருகு, செடி, கார்க் பட்டை எல்லாம் இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்குப் போயின. தோட்டத்து உரக்குழியில் கொட்டவில்லை. கண்ணாடியைக் கொதிநீரால் இருமுறை கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவைத்து, மணம் போகும்வரை அலசி, வெயிலில் இரண்டு வாரம் காயவிட்டார்கள். தெளிப்பானின் குழாய்கள் புதிதாக வாங்கப்பட்டன. கழுவிய நீர் முழுவதும் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் போனது. முற்றத்தில் ஒரு வாளிகூட ஊற்றவில்லை.

பச்சைத் தவளையை விட்டுவிடலாமா

மிஞ்சிய பச்சைத் தவளையைப் பிடித்த சதுப்பிலேயே விட்டுவிடலாம் என்பது கணவரின் யோசனை. அது அந்த மண்ணின் உயிர், அங்கேதான் வாழ வேண்டும் என்றார். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆனாலும் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் முழுதாக ஏற்கிறோம். ஆஸ்திரேலிய, மத்திய அமெரிக்க இனங்களோடு ஐந்து மாதம் ஒரே நீரில் ஊறிய தவளை அது. ராணா வைரஸ் உட்பட, சோதிக்காத கிருமிகள் பல. பிசிஆர் ஒன்றிரண்டு கிருமியைத் தேடலாம். தேடாததை அது சொல்லாது. ஒரு தவளைக்குக் கிடைக்கும் விடுதலைக்காக ஒரு சதுப்பின் தவளைகள் அனைத்தையும் பணயம் வைக்க முடியாது. கணவர் ஒப்புக்கொண்டார். அது அவர்கள் வீட்டிலேயே தனித் தொட்டியில் இருக்கிறது.

விளைவு

இளைத்த செங்கண் ஆண், முதல் மருந்துக்குப் பின் 5.2 கிராமுக்கு ஏறி, இரண்டாவது மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் இறந்தது. உடற்கூறாய்வில் இரு நுரையீரலிலும் புழுக்கள் இருந்தன, உடலில் கொழுப்பே இல்லை. புழு மட்டுமே காரணமா, மாதக்கணக்கில் இரை குறைந்ததும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை. நன்கு தின்ற தவளை குறைந்த புழுவைத் தாங்கியிருக்கும்.

பெண்ணும் மற்ற ஆணும் செப்டம்பர் இறுதியில் 11.4, 6.0 கிராம். இரண்டு வார இடைவெளியில் மூன்று எச்சப் பரிசோதனைகள் சுத்தமாக வந்த பின்னரே பெரிய தொட்டி புதிதாக அமைக்கப்பட்டு இவை இரண்டும் திரும்பின. ஹாலஜன் விளக்கு நீக்கப்பட்டது. முதல் வாரத்திலேயே இரண்டும் மேல் இலைகளுக்கு ஏறிவிட்டன.

ஒயிட்ஸ் இரண்டும் 90 செ.மீ. நீளத் தொட்டிக்கு மாறின. வாரம் இரண்டு முறை மட்டும், இடுக்கியில், எண்ணிக் கொடுத்தார்கள். இரண்டுக்குமிடையே ஐந்து கிராம் வித்தியாசம் இருந்ததால், எடை ஒன்றையொன்று நெருங்கும்வரை நடுவே தடுப்பு வைத்தார்கள். பச்சைத் தவளை மூன்று பரிசோதனையில் இரண்டாவதில் மறுபடி இளம்புழு காட்டியது. இன்னொரு சுற்று மருந்துக்குப் பின் சுத்தமானது.

மாற்ற வேண்டியவை

முதலாவது, தனிமைக்காலம். ஐந்து நாளில் பல நோய்கள் வெளிப்படாது. 90 நாள், வேறு அறையில், காகித விரிப்பில், குறைந்தது மூன்று எச்சப் பரிசோதனையும் ஒரு கைட்ரிட் சோதனையும். வெளியில் பிடித்த தவளையை, வளர்ப்பில் பிறந்ததோடு ஒரே வீட்டில் வைப்பதென்றாலும் இது பொருந்தும்.

எடை எடுக்க முடியாத அளவுக்குத் தொட்டி நெருக்கமானால், அந்தத் தொட்டியில் ஏற்கெனவே தவளைகள் அதிகம். புதிய தவளை வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது "இடம் இருக்கிறதா" என்பதல்ல. "மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் பிடித்து நிறுக்க முடியுமா, எச்சம் யாருடையது என்று சொல்ல முடியுமா" என்பதே.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு இனத்தைச் சேர்த்து வைக்க விரும்புவோர் இருப்பார்கள். உயிர்க்காட்சி சாலைகளில் கலப்புக் கூடங்கள் உண்டு. அங்கே இடம் பெரிது, மருத்துவரும் ஆய்வகமும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். வீட்டில் குறைந்தபட்சம் இவை வேண்டும்: ஒரே நிலப்பகுதியில், ஒரே தட்பவெப்பத்தில் வாழும் இனங்கள், முழு வளர்ச்சியில் ஒன்று மற்றதன் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாத அளவு, இரண்டும் வளர்ப்பில் பிறந்தவை, இரண்டும் தனிமைக்காலம் முடித்தவை, இரை தேடும் வேகம் ஒத்தவை, நச்சுச் சுரப்புக்குப் பேர்போன இனம் எதுவும் கூடாது, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, தினமும் மாற்ற வேண்டும், பிரிக்க வேண்டி வந்தால் அன்றே பயன்படுத்தத் தயாராக இரண்டாவது தொட்டி. ஒயிட்ஸும் செங்கண்ணும் இந்தப் பட்டியலில் முதல் நிபந்தனையிலேயே தேறா. அமெரிக்கப் பச்சை மரத்தவளையும், அதே காடுகளில் வாழும் குரைக்கும் மரத்தவளையும் முதலிரண்டை நிறைவேற்றக்கூடும். வளர்ப்பில் பிறந்தவை கிடைப்பதுதான் அரிது. எங்கள் பரிந்துரை வேறு: அதே செலவில் இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றையும் அதற்குரிய வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்தால், இரண்டு இனமும் மங்காத நிறத்தோடு, தம் இயல்பில் நடமாடும்.

அந்த வீட்டில் இப்போது மூன்று தொட்டிகள். பராமரிப்பு வரிசை மாறாது: முதலில் செங்கண், பிறகு ஒயிட்ஸ், கடைசியாகப் பச்சைத் தவளை. ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் வாளி, இடுக்கி, துடைப்பான். தொட்டி மாறும்போது கையுறையும் மாறும். ஒரு தொட்டியில் மிஞ்சிய சுவர்க்கோழி இன்னொன்றுக்குப் போவதில்லை. உறையவைத்துக் குப்பையில் போடுகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எடை நாள்.